க்ளாஷ் குழுவின் முதல் ஆல்பம் ஏன் இரண்டு விதமாக இருக்கிறது? எந்த வரிசையில் கேட்பது?

வேலந்தாவளம் பஸ்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. வேலை கோயம்புத்தூரில். தினமும் வேலந்தாவளம், க.க.சாவடி வழியாகப் பஸ்ஸில் போய் வருகிறேன். ஒரு நடைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், காதில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். போன மாதம் நண்பன் ஒருவன் லண்டன் காலிங் பாட்டை அனுப்பினான். அன்றிலிருந்து வேறு எதையும் கேட்க மனம் வரவில்லை. சரி, அதைப் பாடிய க்ளாஷ் என்ற லண்டன் பங்க் ராக் குழுவை முதலிலிருந்து முழுசாகக் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தால் குழப்பம்தான் மிச்சம்.

குழுவின் பெயரிலேயே முதல் ஆல்பம் இரண்டு இருக்கிறது. அட்டையில் அதே மூன்று பேர். ஒன்றில் 14 பாட்டு, இன்னொன்றில் 15. ஒயிட் ரயட் இரண்டிலும் உண்டு, ஆனால் ஒலி ஒன்றுபோல இல்லை. இதில் எது அசல்?

கம்ப்ளீட் கண்ட்ரோல் ரொம்பப் பிடித்துவிட்டது. அது 15 பாட்டு உள்ளதில் இருக்கிறது, 14 பாட்டு உள்ளதில் இல்லை. பேங்க்ராபர் எந்த ஆல்பத்திலும் அகப்படவில்லை.

சாண்டினிஸ்டா என்ற ஆல்பத்தில் 36 பாட்டு. இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. நண்பன் அதைத் தாண்டிப் போகச் சொல்கிறான். கடைசி ஆல்பத்தைப் பற்றிக் கேட்டால் யாருமே வாயைத் திறப்பதில்லை. விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் வழி சொல்லுங்கள்.

கம்பம் பேஸ் கிட்டார்:

நண்பரே, ரொம்ப யோசிக்க வேண்டாம். லண்டன் காலிங் ஆல்பத்தை முழுதாக நாலு தடவை கேளுங்கள். பிறகு சிங்கிள்களின், அதாவது தனித் தட்டாக வெளிவந்த பாட்டுகளின், தொகுப்பு ஒன்று இருக்கிறது, அது போதும்.

பேஸ் வாசிக்கிறவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். லண்டன் காலிங்கில் கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன் என்று ஒரு பாட்டு. எழுதியதும் பாடியதும் பேஸ் வாசித்த பால் சிமனன். குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வாசிக்கவே தெரியாது. எந்த இடத்தில் எந்த ஸ்வரம் என்று கிட்டாரின் கழுத்திலேயே பெயின்ட் அடித்து எழுதிவைத்துப் பழகினார். மூன்றே வருஷத்தில் அந்தப் பாட்டின் பேஸ் வரியைப் போட்டார். 1990இல் பீட்ஸ் இன்டர்நேஷனல் என்ற குழு அந்த வரியை எடுத்துத் தன் பாட்டுக்கு அடியில் வைத்தது, இங்கிலாந்தில் அது முதலிடம் போனது. எங்கள் குழுவுக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் அந்த வரிதான். மலைக்கு அந்தப் பக்கம் குமுளியில் ஒரு ரிசார்ட்டில் வாசிக்கப் போனபோது அதைத் தனியாக வாசித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆல்பத்தின் அட்டையில் பேஸைத் தரையில் ஓங்கி அடிக்கிறாரே, அதுவும் சிமனன்தான். 1979 செப்டம்பர், நியூயார்க் பல்லேடியம் அரங்கு. படம் எடுத்த பென்னி ஸ்மித்துக்கே அது ஃபோகஸ் இல்லாத படம் என்று மனத்தாங்கல் இருந்தது. குழுதான் பிடிவாதமாக அதை அட்டையில் போட்டது.

தொண்ணூறு கேசட்:

வேலந்தாவளம் தம்பி, நானும் கொழிஞ்சாம்பாறைதான். 1987 முதல் 1999 வரை இங்கே கேசட் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். கம்பத்துத் தம்பி சொன்ன வழியில் போக வேண்டாம் என்பது என் கருத்து. லண்டன் காலிங் பெரிய ஆல்பம், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் க்ளாஷ் தான் முன்னே சொன்னதற்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு போகும் குழு. சிங்கிள்களையும் சேர்த்து, வெளிவந்த வரிசையில் கேட்டால்தான் அந்தப் பேச்சு காதில் விழும். இதை நான் தலைகீழாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவன், அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் தமிழ், ஆபீஸ் காகிதத்தில் மலையாளம். கடையிலும் அப்படித்தான். தொண்ணூறு நிமிட கேசட்டைக் கொடுத்து ஒரு பக்கம் இளையராஜா, மறுபக்கம் யேசுதாஸின் மலையாளப் பாட்டு என்று லிஸ்ட் எழுதித் தருவார்கள். இங்கிலீஷ் பாட்டு கொண்டுவருகிறவர்கள் கல்ஃபிலிருந்து லீவில் வருகிறவர்கள் மட்டும். அப்படி ஒரு சேட்டன், சித்தூர்க்காரர், மஸ்கட்டில் வேலை. 1988இல் என்று நினைவு, ஒரு அறுபது நிமிட கேசட்டைக் கொண்டுவந்து, “டேப் கீச்சிடுகிறது, வேறு கேசட்டில் ஏற்றிக் கொடு” என்றார். யாரோ இசைத்தட்டிலிருந்து வீட்டில் பதிவு செய்தது. பேனாவால் ‘சாண்டினிஸ்டா 3’ என்று எழுதியிருந்தது. ஒன்றும் இரண்டும் மஸ்கட்டிலேயே தங்கிவிட்டன.

ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஓடவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் சின்னப் பையன்கள் பாடும் ஒரு பாட்டு வந்தது. பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில் மைக்குக்கு முன்னால் நிற்கிற பிள்ளைகளின் குரல். பாட்டின் பெயர் கேரியர் ஆப்பர்ச்சூனிட்டீஸ். பிள்ளைகளுக்காக எழுதிய பாட்டு என்றே எண்ணியிருந்தேன். அடுத்த லீவில் சேட்டன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதே பாட்டு, ஒன்றிரண்டு வரி தவிர அதே வார்த்தை. ஆனால் பாடுகிறவர் ஜோ ஸ்ட்ரம்மர், பல்லைக் கடித்துக்கொண்டு பாடுகிறார். இரண்டு நிமிடம்கூட இல்லை. வேலை கொடுக்கிறோம் என்று கூப்பிடுகிற ஒவ்வொரு இடமும் ஆளை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் என்று சொல்கிற பாட்டு அது. கிட்டார் வாசித்த மிக் ஜோன்ஸ் அதற்கு முன் அரசாங்க உதவித்தொகை ஆபீஸில் தபால் பிரிக்கும் வேலை பார்த்தவர். லண்டனில் வெடிகுண்டு வைத்த தபால்கள் வந்துகொண்டிருந்த காலம். கடைசியாகச் சேர்ந்த பையனிடம்தான் அந்த வேலையைத் தள்ளிவிடுவார்களாம். அந்த பயமும் பாட்டுக்குள் இருக்கிறது.

எனக்கு அப்போது 24 வயது. கடையை நடத்திக்கொண்டே எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் கார்டையும் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு பதிவையும் ஒரே கேசட்டில் அடுத்தடுத்து ஏற்றிவைத்தேன். 1977இல் கோபமாகப் பாடியதை, 1980இல் கீபோர்டு வாசித்த மிக்கி கலாகரின் பையன்களைக் கொண்டு பாடவைத்திருக்கிறார்கள். கோபக்காரனின் வரி குழந்தையின் வாயில் வரும்போது, இவனும் வளர்ந்து இதே வரிசையில்தான் நிற்கப்போகிறான் என்று தோன்றி எனக்கு நெஞ்சை அடைத்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 14 பாட்டு உள்ளதுதான் அசல். 1977 ஏப்ரலில் இங்கிலாந்தில் வந்தது, சுமார் 35 நிமிடம். இந்த ஒலி நம் ரேடியோவுக்கு ஆகாது என்று இசைத்தட்டுக் கம்பெனியின் அமெரிக்கக் கிளை அதை வெளியிடவில்லை. ஆனால் அங்கே இறக்குமதியாகவே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. பிறகு 1979 ஜூலையில் அமெரிக்காவுக்கென்று ஒன்று தயாரித்தார்கள். டினை, சீட், ப்ரோடெக்ஸ் ப்ளூ, 48 அவர்ஸ் என்ற நாலு பாட்டை எடுத்துவிட்டு, இடையில் வந்த வேறு ஐந்து பாட்டைச் சேர்த்தார்கள். ஒயிட் ரயட்டுக்கு ஆல்பம் பதிவுக்குப் பதிலாகச் சிங்கிள் பதிவைப் போட்டார்கள். அதனால்தான் உங்கள் காதுக்கு வேறாகக் கேட்கிறது. அமெரிக்கப் பதிப்பு கேட்க நன்றாகவே இருக்கும், நல்ல பாட்டுகள்தானே. ஆனால் இரண்டு வருஷத்தின் வளர்ச்சியை ஒரே நாளில் நடந்ததுபோல் காட்டிவிடும். முதல் தடவை அதைக் கேட்காதீர்கள்.

அசலில் போலீஸ் அண்ட் தீவ்ஸ் என்று ஒரு பாட்டு. ரெகே என்கிற ஜமைக்கா இசையில் ஜூனியர் மர்வின் பாடியது, இவர்கள் தங்கள் பாணியில் பாடினார்கள். மற்றதெல்லாம் இரண்டு மூன்று நிமிடத்தில் ஓடிப்போக, இது மட்டும் ஆறு நிமிடம். ஆல்பத்தில் ஆறில் ஒரு பங்கு. பங்க் என்றால் வேகம் மட்டும்தான் என்று இருந்த நேரத்தில் இது பெரிய துணிச்சல். பின்னால் இவர்கள் போன பாதையெல்லாம் இங்கேயே தொடங்கிவிட்டது.

அப்புறம் சிங்கிள். ஆல்பத்திலிருந்த ரிமோட் கண்ட்ரோல் பாட்டைக் குழுவைக் கேட்காமலே கம்பெனி சிங்கிளாக வெளியிட்டது. அதற்குப் பதிலடியாக 1977 செப்டம்பரில் இவர்கள் எழுதியதுதான் உங்களுக்குப் பிடித்த கம்ப்ளீட் கண்ட்ரோல். கம்பெனியின் மீதான புகாரை அதே கம்பெனியின் இசைத்தட்டிலேயே ஏற்றினார்கள். தயாரித்தவர் லீ பெர்ரி. போலீஸ் அண்ட் தீவ்ஸின் ஜமைக்கா மூலத்தைத் தயாரித்தவரும் அவரே. யாருடைய பாட்டை எடுத்துப் பாடினார்களோ, அவரையே அழைத்து அடுத்ததைச் செய்யச் சொன்னார்கள்.

1978 ஜூனில் வந்தது ஒயிட் மேன் இன் ஹேமர்ஸ்மித் பாலே. இந்தக் குழுவின் ஒரே ஒரு பாட்டுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். லண்டனில் ஹேமர்ஸ்மித் பாலே என்ற அரங்கில் இரவு முழுதும் நடந்த ஒரு ரெகே நிகழ்ச்சிக்கு ஸ்ட்ரம்மர் போகிறார். போராட்டப் பாட்டை எதிர்பார்த்துப் போனவருக்கு அங்கே மேடை அலங்காரமும் ஆட்டமும்தான் கிடைக்கிறது. பாட்டு அந்த ஏமாற்றத்தில் தொடங்கி, பணத்தைப் பங்கிடுவது, புதிதாக வந்த பங்க் குழுக்களின் காசாசை, நாட்டில் தலைதூக்கிய இனவெறி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகிறது. தாளம் ரெகே. ஓரத்தில் ஒரு ஹார்மோனிகா. நாலு நிமிடம். வேகத்துக்காக வந்த ரசிகர்கள் திகைத்தார்கள். தரவரிசையில் 32ஆம் இடத்தோடு நின்றது. ஆனால் இது இல்லாமல் லண்டன் காலிங் இல்லை.

அந்த வருஷம் நவம்பரில் இரண்டாவது ஆல்பம், கிவ் தெம் எனஃப் ரோப். சாண்டி பெர்ல்மன் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர், கனமான ஒலி. டாப்பர் ஹெடன் டிரம்ஸில் உட்கார்ந்த முதல் ஆல்பம், டாமி கன் பாட்டில் அவர் கை துப்பாக்கி மாதிரி பொரியும். அதற்காக மட்டும் கேளுங்கள்.

1979 மே மாதம் நாலு பாட்டுள்ள காஸ்ட் ஆஃப் லிவிங் வந்தது. டிசம்பரில் லண்டன் காலிங். 19 பாட்டு, 65 நிமிடம், இரண்டு தட்டு, விலை ஒரு தட்டின் விலை. ஆல்பத்தோடு இலவசமாக ஒரு சிங்கிள் தர வேண்டும் என்று கேட்டு, கம்பெனி சம்மதித்ததும் அந்த ‘சிங்கிளில்’ ஒன்பது பாட்டை நிரப்பிவிட்டார்கள். ட்ரெயின் இன் வெய்ன் கடைசி நிமிடத்தில் சேர்ந்தது. அட்டை அதற்குள் அச்சாகிவிட்டதால் லிஸ்டில் அதன் பெயரே இல்லை. என்னிடம் பதிவு செய்துகொண்டவர்கள், “கடைசியில் ஒரு பாட்டு கூடுதலாக ஏற்றிவிட்டாய்” என்று திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பேங்க்ராபர் 1980 ஆகஸ்டில் தனிச் சிங்கிளாக வந்தது, அதனால்தான் ஆல்பத்தில் அகப்படவில்லை. மைக்கி ட்ரெட் தயாரித்த மெதுவான ரெகே. கம்பெனிக்குப் பிடிக்காமல் முதலில் இழுத்தடித்தார்கள். ஹாலந்தில் அச்சான தட்டுகள் இங்கிலாந்துக்குள் வந்து விற்ற பிறகே இறங்கிவந்தார்கள். 12ஆம் இடம் வரை போனது.

சாண்டினிஸ்டாவைத் தாண்டச் சொன்ன நண்பனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் தாண்டாதீர்கள். 1980 டிசம்பர். மூன்று தட்டு, ஆறு பக்கம், பக்கத்துக்கு ஆறு பாட்டு, மொத்தம் 144 நிமிடம். இதையும் குறைந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று நின்று, இங்கிலாந்தில் முதல் இரண்டு லட்சம் பிரதிகளுக்குத் தங்கள் ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். நிகராகுவாவில் சர்வாதிகாரியை விரட்டிய இயக்கத்தின் பெயர்தான் ஆல்பத்தின் பெயர். தட்டின் எண்ணே அந்த இயக்கத்தின் எழுத்துகளான எஃப்எஸ்எல்என். மஸ்கட்டில் பதிவு செய்த ஆள் விவரமானவர். இதைத் தொண்ணூறில் ஏற்றினால் ஒரு தட்டுப் பக்கம் பாதியில் அறுபடும். மூன்று அறுபதில் ஏற்றினால், தட்டின் ஒரு பக்கம் கேசட்டின் ஒரு பக்கத்தில் அளவாக உட்காரும். நீங்களும் அப்படியே கேளுங்கள். ஒரு நடைக்கு இரண்டு பக்கம், மூன்று நடையில் முடிந்துவிடும். ஒரே மூச்சில் கேட்டால் யாருக்கும் அலுத்துவிடும்.

காம்பாட் ராக், 1982 மே. மிக் ஜோன்ஸ் இரட்டை ஆல்பமாக வேண்டும் என்றார். க்ளின் ஜான்ஸ் என்ற தயாரிப்பாளர் வந்து அதை ஒற்றைத் தட்டாக வெட்டிச் சுருக்கினார். ராக் தி காஸ்பாவின் டிரம்ஸ், பேஸ், பியானோ மூன்றையும் டாப்பர் ஹெடன் ஒருவரே வாசித்துப் பதிவு செய்துவைத்தார், மெட்டும் அவருடையது. அது சிங்கிளாக வருவதற்குள், ஹெராயின் பழக்கத்தால் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். வீடியோவில் டிரம்ஸ் வாசிப்பது வேறு ஆள். அமெரிக்காவில் 8ஆம் இடம் வரை ஏறிய அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

1983இல் மிக் ஜோன்ஸையும் நீக்கினார்கள். 1985இல் வந்த கட் த கிராப்பில் பழைய ஆட்கள் ஸ்ட்ரம்மரும் சிமனனும் மட்டும். மேனேஜர் பெர்னி ரோட்ஸ் புனைபெயரில் தயாரித்தது, டிரம் மெஷின் வைத்து. 2013இல் வந்த பெரிய பெட்டித் தொகுப்பில்கூட இதைச் சேர்க்கவில்லை. ஆனால் திஸ் இஸ் இங்கிலாந்து என்ற சிங்கிளை மட்டும் விட்டுவிடாதீர்கள். தனியாக நிற்கிற ஒரு மனுஷனின் குரல் அது.

செங்கோட்டை மழை:

கேசட் அண்ணாச்சி காம்பாட் ராக்கில் ஸ்ட்ரெய்ட் டு ஹெல்லைச் சொல்லாமல் போய்விட்டார், அதை நான் சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் குழுவுக்கு வந்ததே அந்தப் பாட்டு வழியாகத்தான், அதுவும் ஒரு தமிழ்ப் பெண் கையைப் பிடித்து. எம்.ஐ.ஏ.வின் பேப்பர் ப்ளேன்ஸ் கேட்டிருப்பீர்கள். 2007இல் வந்த ஆல்பத்துப் பாட்டு, ஸ்லம்டாக் மில்லியனர் படத்திலும் வந்தது. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் மறுபடி லண்டனுக்கு அகதியாகப் போனவர். அந்தப் பாட்டு முழுக்கப் பின்னால் ஓடுகிற கிட்டார், ஸ்ட்ரெய்ட் டு ஹெல்லிலிருந்து எடுத்தது.

மூலப் பாட்டைத் தேடிக் கேட்டபோதுதான் அவர் ஏன் அதைத் தொட்டார் என்று எனக்குப் புரிந்தது போல இருந்தது. இங்கிலாந்தில் எஃகு ஆலைகள் மூடுகிற நேரத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்த வரவேற்பில் தொடங்குகிறது. அடுத்து, அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். உனக்கு இங்கே இடமில்லை என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். 25 வருஷம் கழித்து, அப்படித் துரத்தப்பட்ட ஊரிலிருந்து வந்த ஒரு பெண் அதே கிட்டாரின் மேல் நின்று பாடுகிறாள். ஆரியங்காவு தாண்டி ரயிலில் புனலூர் போகும்போது இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பேன்.

வேலந்தாவளம் பஸ்:

அண்ணா, ரொம்ப நன்றி. நம் ஊரிலேயே இப்படி ஒருவர் இருந்தது தெரியாமல் போயிற்று. அக்காவுக்கும் நன்றி, பேப்பர் ப்ளேன்ஸ் நூறு தடவை கேட்டிருக்கிறேன், அந்தக் கிட்டார் இவர்களுடையது என்று தெரியாது.

இன்று காலை 14 பாட்டு ஆல்பத்தைப் போட்டேன். கேரியர் ஆப்பர்ச்சூனிட்டீஸ் வரும்போது வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் பஸ் நின்றிருந்தது. பக்கத்தில் நின்ற பையன் கையில் சர்டிஃபிகேட் ஃபைலோடு இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருந்தான். நானும் போன வருஷம் அப்படித்தான் போனேன். பிள்ளைகள் பாடியதை உடனே தேடிக் கேட்கத் தோன்றியது. நீங்கள் சொன்ன வரிசையில்தான் அதற்கு வர வேண்டும் என்று நிறுத்திக்கொண்டேன்.

ஒரு சந்தேகம். சிங்கிளின் மறுபக்கத்துப் பாட்டுகளையும் கேட்க வேண்டுமா?

தொண்ணூறு கேசட்:

கேட்க வேண்டும் தம்பி. 1993இல் வந்த சூப்பர் பிளாக் மார்க்கெட் க்ளாஷில் பெரும்பாலும் கிடைத்துவிடும். முதல் சுற்றில் வேண்டாம், சாண்டினிஸ்டா முடித்த பிறகு எடுங்கள். அதில் வருகிற டப் வகைப் பதிவுகளுக்கு, அதாவது குரலைக் குறைத்து எதிரொலியைக் கூட்டிய ரெகேவுக்கு, காது அப்போதுதான் பழகியிருக்கும்.

செங்கோட்டை அம்மா சொன்னது சரி. அந்தப் பாட்டை விட்டது என் தவறு.

சேட்டன் பிறகு மற்ற இரண்டு கேசட்டையும் கொண்டுவந்து தந்தார். மூன்றையும் எனக்கே கொடுத்துவிட்டார். மூன்றாவது மட்டும் இன்னும் ஓடுகிறது, பையன்கள் பாடுகிற இடத்தில் லேசாக இழுக்கும். ஆறாவது பக்கத்துக்கு வந்ததும் எழுதுங்கள். செக்போஸ்ட்டில் பஸ் நிற்கும்போது அந்தப் பாட்டு வருகிற மாதிரி எந்த பஸ்ஸில், எங்கிருந்து தொடங்கினால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.